ஒரு ஜெர்மன் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போட்ட கதை

போன சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினான்கு பேர் உட்கார்ந்து, 1955-ல் வந்த ஒரு கறுப்பு வெள்ளை ஜெர்மன் படத்தைத் தமிழ் சப்டைட்டிலோடு முழுதாகப் பார்த்து முடித்தார்கள். கடைசி வசனம் வரைக்கும் எழுத்து உதட்டை விட்டு விலகவில்லை. இது மூன்றாவது முயற்சி. முதல் முயற்சி இருபதாவது நிமிடத்தில் நின்றது. இரண்டாவதில் எழுத்தே இல்லை, கொம்பும் காலும் தனித்தனியாக நடந்துகொண்டிருந்தன. இடையில் ஐந்து மாதம் போய்விட்டது. மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

படம் ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் இயக்கிய 'எஸ் கெஷா அம் 20. யூலி'. 'ஜூலை 20 அன்று நடந்தது' என்று பொருள். 1944 ஜூலை 20-ல் ஹிட்லரைக் குண்டு வைத்துக் கொன்று, பெர்லினில் ஆட்சியைப் பிடிக்க ஜெர்மன் இராணுவ அதிகாரிகள் செய்த முயற்சியும் அது ஒரே நாளில் சரிந்ததும்தான் கதை. நம்மில் பலருக்கு இந்தச் சம்பவம் 2008-ல் டாம் குரூஸ் நடித்து வந்த 'வால்கிரி' வழியாகத்தான் தெரியும். இது அதற்கு 53 வருடம் மூத்த படம். குண்டு வைத்த கர்னல் ஷ்டவுஃபன்பெர்காக பெர்ன்ஹார்ட் விக்கி நடித்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அதே 1955 ஜூனில், ஓரிரு நாள் இடைவெளியில், ஃபால்க் ஹார்னாக் இயக்கிய 'டெர் 20. யூலி' என்ற படமும் இதே சம்பவத்தை வைத்து வெளிவந்தது. தீபாவளிக்கு ஒரே கதையில் இரண்டு படம் வந்தால் எப்படியிருக்கும், அப்படி. ஹார்னாக்கின் படம் முன்கதையும் சொல்லும். பாப்ஸ்ட் அந்த ஒரு நாளோடு நிறுத்திக்கொள்வார். ஒரு நாள், 75 நிமிடம். வேலை குறைவு என்று நினைத்துத்தான் இதை எடுத்தேன். அங்கேயே முதல் தப்புக் கணக்கு. அந்த ஒரு நாள் முழுக்க எல்லோரும் தொலைபேசியில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

நான் ஸ்டுட்கார்ட்டில் இரண்டு வருடம் மெஷின் வேலை பார்த்தவன். ஷ்டவுஃபன்பெர்க் சிறுவனாக வளர்ந்தது அந்த ஊரின் பழைய கோட்டையில்தான். ஊரை விட்டுக் கிளம்பும்போது 13 யூரோ கொடுத்து இந்த டிவிடியை வாங்கினேன். பெட்டியைப் பிரிக்காமலே ஏழு வருடம் அலமாரியில் கிடந்தது. எங்கள் மாதாந்திரப் படக் கூட்டத்தில் "உனக்குத்தான் ஜெர்மன் தெரியுமே, நீயே ஒண்ணு போடேன்" என்று ஒரு அண்ணன் சொல்லப்போய் மாட்டிக்கொண்டேன். என் ஜெர்மன் தொழிற்சாலை ஜெர்மன். போல்ட், கியர், ஷிஃப்ட், சம்பளம் இதெல்லாம் சரளமாக வரும். படைத் தலைமையகத்தில் ஜெனரல்கள் பேசும் ஜெர்மன் வேறு.

முதலில் டிவிடியிலிருந்து படத்தைக் கணினிக்கு எடுத்தேன். என் மடிக்கணினியில் டிவிடி டிரைவ் கிடையாது. பழைய பொருள் கடையில் யுஎஸ்பி டிரைவ் ஒன்றை 1,250 ரூபாய்க்கு வாங்கினேன். எடுத்து முடித்ததும் பார்த்தால் படம் 72 நிமிடம்தான் இருந்தது. மூன்று நிமிடத்தை எங்கேயோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து, அந்த டிவிடி போட்டவர்களை மனசுக்குள் திட்டினேன். அவர்கள் மேல் தப்பே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கையில் ஆங்கில சப்டைட்டில் கோப்பு ஒன்று கிடைத்தது. யாரோ புண்ணியவான் வேறொரு பிரதிக்குப் போட்டது. நேரக் குறியீடுகளை அதிலிருந்து எடுத்துக்கொண்டு, வசனத்தை மட்டும் தமிழில் மாற்றினால் போதும் என்பது என் திட்டம். இரண்டாவது தப்புக் கணக்கு இது. முதல் வசனத்தைப் படத்தோடு பொருத்தி, கோப்பு முழுவதையும் சில விநாடி முன்னால் தள்ளினேன். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், ஏதோ கொஞ்சம் தள்ளாடியது, பெரிதாகத் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் முதல் 200 வரியைத் தமிழாக்கி, கூட்டத்தில் நான்கு பேருக்குப் போட்டும் காட்டினேன். இருபதாவது நிமிடத்தில் எழுத்து முக்கால் நிமிடத்துக்கு மேல் பின்தங்கிவிட்டது. திரையில் ஒருவர் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார், கீழே அவர் இன்னும் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நிறுத்திவிட்டோம்.

காரணம் எளிது, கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஒரு வாரம் ஆனது. திரையரங்கில் படம் விநாடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) ஓடும். ஐரோப்பிய டிவிடி 25 சட்டகம் ஓடும். அதே படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டி அதற்குள் அடைக்கிறார்கள். 75 நிமிடப் படம் 72 ஆகிறது. நடிகர் குரலும் இம்மியளவு கீச்சாகிறது. ஆக, ஆங்கிலக் கோப்பின் ஒவ்வொரு நேரத்தையும் 24/25-ஆல், அதாவது 0.96-ஆல் பெருக்க வேண்டும். 'சப்டைட்டில் எடிட்' மென்பொருளில் சட்டக வேகத்தை மாற்றும் வசதி உண்டு. 24-ஐ 25 ஆக்கு என்றேன், முடிந்தது.

முடியவில்லை. படத்தின் முதல் பாதி ஏறக்குறைய ஒத்துப்போனது. கடைசியில் எழுத்து நான்கு விநாடி பின்தங்கியது. அந்த ஆங்கிலக் கோப்பின் மூலம் 24 இல்லை, கணினிப் பிரதிகளில் வழக்கமாக இருக்கும் 23.976. கேட்டால் சில்லறை வித்தியாசம்தான். ஆனால் கோப்பில் 1 மணி 13 நிமிடம் 30 விநாடியில் இருந்த ஒரு வசனத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 என்று வைத்தால் 1:10:33-க்குப் போகும். 23.976 என்று வைத்தால் 1:10:29. துப்பாக்கி வெடித்து நான்கு விநாடி கழித்து "சுடு" என்று எழுத்து வந்தால் எப்படியிருக்கும்?

அடுத்த நாசம் முழுக்க என் கைவேலை. ஒரு நாள் அவசரத்தில் கோப்பை நோட்பேடில் திறந்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திச் சேமித்தேன். ஏதோ எச்சரிக்கைப் பெட்டி வந்தது. படிக்காமல் சரி என்று அழுத்தினேன். மறுநாள் திறந்தால் தமிழ் வரிகள் எல்லாம் கேள்விக்குறியாக நின்றன. அது பழைய விண்டோஸ். எல்லா மொழி எழுத்தையும் காப்பாற்றும் யூடிஎஃப்-8 முறையைத் தேர்ந்தெடுக்காமல் சேமித்தால் தமிழ் எழுத்துகளைத் தூக்கி எறிந்துவிடும். எச்சரிக்கை சொன்னதும் அதைத்தான். அன்றிலிருந்து தினமும் கோப்பைத் தேதி போட்டு வேறு பெயரில் சேமிக்கிறேன். கடைசியில் 31 கோப்பு சேர்ந்தது. அழிக்கவில்லை.

அப்புறம்தான் உண்மையான வேலை. மொத்தம் 812 வரி. ஒரு மாலைக்குச் சுமார் 35 வரி வீதம் 23 மாலை. தொடக்கத்தில் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு தமிழாக்கினேன். ஜெர்மன் காதில் விழுந்தாலும் கண் ஆங்கிலத்தில்தான் இருந்தது. பத்து நாள் கழித்துப் படித்துப் பார்த்தால் எல்லா வசனமும் மொழிபெயர்ப்பு வாடை அடித்தது. ஜெனரல்கள் எல்லாம் வானொலிச் செய்தி வாசிப்பவர்களைப் போலப் பேசினார்கள். ஆங்கிலக் கோப்பை மூடி வைத்துவிட்டு, ஜெர்மனை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதத் தொடங்கிய பிறகு வேலை சுலபமானது. ஜெர்மனும் தமிழைப் போலப் பல இடங்களில் முக்கியமான சொல்லைக் கடைசிக்கு வைக்கும் மொழி. அன்று மாலை பெர்லினிலிருந்து டெலிபிரின்டரில் போன முதல் கட்டளை "டெர் ஃப்யூரர் அடால்ஃப் ஹிட்லர் இஸ்ட் டோட்" என்று தொடங்குகிறது. 'டோட்' என்றால் செத்துப்போன. அது கடைசிச் சொல். தமிழிலும் 'இறந்துவிட்டார்' கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போனதில் நான் இழந்தது இந்த ஒழுங்கைத்தான்.

அந்தக் கட்டளையின் அடுத்த வாக்கியம் இன்னும் விசேஷம். போர்முனையைப் பார்த்தறியாத கட்சித் தலைவர்களின் மனசாட்சியற்ற கும்பல் ஒன்று, போராடும் படையின் முதுகில் குத்தி அதிகாரத்தைப் பிடிக்கப் பார்க்கிறது என்று அது சொல்கிறது. அதாவது, ஆட்சியைப் பிடிக்கப் போகிறவர்களே, வேறு யாரோ ஆட்சியைப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று சொல்லிப் படையைத் திரட்டினார்கள். உள்நாட்டுக் கலவரம் வந்தால் அடக்குவதற்காக ஏற்கெனவே எழுதி வைத்திருந்த 'வால்கூரே' (ஆங்கிலத்தில் 'வால்கிரி') திட்டத்தைத்தான் இதற்குப் பயன்படுத்தினார்கள். இதை இரண்டு வரியில், நாலு விநாடியில், முன்பின் தெரியாத ஒருவருக்கு எப்படிப் புரியவைப்பது? என்னால் முடியவில்லை. படம் தொடங்குமுன் ஒரு தாளில் எட்டு வரி முன்குறிப்பு எழுதிக் கையில் கொடுத்துவிட்டேன். கள்ளாட்டம்தான்.

சொற்களுக்கு வருகிறேன். இந்த வேலையில் மண்டை காய்ந்தது இங்கேதான்.

'ஃப்யூரர்' என்றால் தலைவர். முதல் வரைவில் எல்லா இடத்திலும் 'தலைவர்' என்றே போட்டிருந்தேன். சோதனைக்காக நான்கு பேருக்குக் காட்டியபோது "தலைவர் உயிரோடுதான் இருக்கிறார்" என்று திரையில் வந்தது. இரண்டு பேர் விசிலடித்துச் சிரித்தார்கள். ஈழத்திலிருந்து வந்த நண்பர் சிரிக்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. அன்று இரவே 'தலைவர்' எல்லாவற்றையும் எடுத்தேன். ஜெனரல்களுக்குத் 'தளபதி' என்று போட்டிருந்தேன், அதுவும் போயிற்று. 'புரட்சி' என்று இரண்டு இடத்தில் இருந்தது, அதையும் நீக்கினேன். தலைவர், தளபதி, புரட்சி மூன்றும் நம் ஊரில் யாரோ எப்போதோ துண்டு போட்டு இடம் பிடித்து வைத்த இருக்கைகள். ஜெர்மன்காரனை அங்கே உட்கார வைக்க முடியாது.

சரி, இந்த முயற்சியை என்னவென்று சொல்வது? 'இராணுவப் புரட்சி' கழிந்தது. 'ஆட்சிக் கவிழ்ப்பு' என்றால் நமக்கு எம்எல்ஏக்களை விடுதியில் அடைத்து வைப்பதுதான் ஞாபகம் வருகிறது. 'கலகம்' என்றால் சிப்பாய்க் கலகம், கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களை எதிர்ப்பது. இங்கே எதிர்ப்பவர்களே கர்னல்கள், ஜெனரல்கள். ஈழத்து நண்பர் "எங்கட பேப்பருகளில சதிப்புரட்சி எண்டுதான் போடுவினம்" என்றார். கொழும்பில் 1962 ஜனவரியில் இராணுவ, போலீஸ் அதிகாரிகள் சிலர் திட்டமிட்டு, தொடங்குமுன்பே பிடிபட்ட சம்பவத்துக்கும் அதே சொல்லாம். நல்ல சொல், இருக்கிற எல்லாவற்றையும்விடப் பொருத்தமான சொல். ஆனால் அதில் 'சதி' இருக்கிறது. ஹிட்லர் பக்கத்து ஆட்கள் பேசினால் பொருந்தும், சதி செய்கிறவரே தன் வாயால் சொல்லமாட்டார். கடைசியில் ஹிட்லர் விசுவாசிகள் 'சதி' என்கிறார்கள், இவர்கள் 'திட்டம்' என்கிறார்கள். அதே மாதிரி விசுவாசிகள் வாயில் 'ஃப்யூரர்' என்றே விட்டுவிட்டேன், எதிர்ப்பாளர்கள் தங்களுக்குள் பேசும்போது 'ஹிட்லர்'. யார் எந்தப் பக்கம் என்று பார்ப்பவருக்குச் சட்டென்று பிடிபட இது உதவியது. எல்லோரும் ஒரே மாதிரிச் சீருடையில் இருக்கும் படத்தில் இது பெரிய உதவி.

ஒரே ஒரு இடத்தில் தமிழ் எனக்கு அல்வா மாதிரி வழி விட்டது. ஜெர்மனில் துரோகத்துக்கு இரண்டு சட்டச் சொல் உண்டு. ஆட்சிக்கு எதிரானது 'ஹோஹ்ஃபெராட்', எதிரி நாட்டுக்கு உதவி சொந்த நாட்டைக் காட்டிக்கொடுப்பது 'லான்டஸ்ஃபெராட்'. ஆங்கிலத்தில் இரண்டையும் பொதுவாக ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். ஆங்கிலக் கோப்பைப் பார்த்து எழுதியபோது நானும் எல்லா இடத்திலும் 'தேசத்துரோகம்' என்று எழுதியிருந்தேன். நம்மிடம் ராஜத்துரோகம், தேசத்துரோகம் என்று இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. இது சும்மா இலக்கண நுணுக்கம் இல்லை. அன்று பெர்லினில் காவல் பட்டாளத்துக்குத் தலைமை வகித்து, இந்த முயற்சியை முறியடித்த மேஜர் ஒட்டோ எர்ன்ஸ்ட் ரேமர், போருக்குப் பிறகு அரசியலுக்கு வந்து, 1951-ல் இந்த ஜூலை 20 அதிகாரிகளை வெளிநாட்டுக் காசு வாங்கிய தேசத்துரோகிகள் என்று மேடையில் பேசினார். அதற்காக 1952 மார்ச்சில் பிரவுன்ஷ்வைக் நீதிமன்றத்தில் அவருக்கு மூன்று மாதத் தண்டனை கிடைத்தது. வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் ஃப்ரிட்ஸ் பாவர். அதற்கு மூன்று வருடம் கழித்து வந்த படம் இது. திரையரங்கில் உட்கார்ந்திருந்த ஜெர்மன்காரர்களில் பாதிப் பேராவது மனசுக்குள் எந்தத் துரோகம் என்று வழக்காடிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் முன்னால் நான் தப்பான துரோகத்தைப் போடக் கூடாது அல்லவா.

ஹிட்லரும் ரேமரும் தொலைபேசியில் பேசும் கட்டத்துக்கு மட்டும் மூன்று மாலை பிடித்தது. ஹிட்லர் செத்துவிட்டார் என்று நம்பி, பிரசார அமைச்சர் கோயபல்ஸைக் கைது செய்யப் போகிறார் ரேமர். கோயபல்ஸ் தொலைபேசியை எடுத்து, ஹிட்லரோடு இணைத்து, ரேமர் கையில் கொடுக்கிறார். என் குரல் தெரிகிறதா என்று கேள்வி வருகிறது. மேஜர் விறைத்து நிற்கிறார். முழுத் திட்டமும் அந்த ஒரு அழைப்பில் உடைகிறது. நான் முதலில் "என் குரல் தெரியுதா உனக்கு?" என்று எழுதியிருந்தேன். நம் ஊர் வில்லன் பழக்கம். வில்லன் என்றால் 'நீ' போடுவான். ஜெர்மனில் ஹிட்லர் அந்த மேஜரை 'ஸீ' என்று மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். "என் குரல் தெரிகிறதா, மேஜர்? என்னை அடையாளம் தெரிகிறதா உங்களுக்கு?" என்று மாற்றினேன். மாற்றிப் போட்டுப் பார்த்தபோது எனக்கே முதுகில் சில்லென்றது.

அந்தக் கட்டத்தில் இன்னொரு பிழையும் செய்தேன். இடம் மிச்சப்படுத்த, கேள்வியையும் பதிலையும் ஒரே சப்டைட்டிலில் மேல்வரி கீழ்வரியாகக் கோடு போட்டு வைத்திருந்தேன். விளைவு, மேஜர் வாய் திறக்குமுன்பே பதில் திரையில் வந்து நின்றது. கேள்வியைத் தனியாகவும், பதிலை அவர் வாயசைவில் தொடங்கும்படி தனியாகவும் பிரித்தேன். தொலைபேசிக் காட்சி எல்லாவற்றிலும் இதே திருத்தம், மொத்தம் 64 இடம். ஆகவேதான் 748-ல் முடிந்திருக்க வேண்டிய கோப்பு 812 ஆனது.

படிக்கும் வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் இதைப் பற்றி யாரும் அளந்து எழுதியதாக என் கண்ணில் படவில்லை. ஒரு விநாடிக்கு எத்தனை எழுத்து காட்டலாம்? நான் லிப்ரே ஆபீஸ் அட்டவணையில் எல்லா வரியையும் கொட்டி, 'லென்' சூத்திரம் போட்டு எண்ணினேன். பாதிக்கு மேல் வரிகள் அளவு தாண்டியதாகச் சிவப்பாகக் காட்டியது. பயந்துபோய் வெட்டத் தொடங்கினேன். நூறு வரி வெட்டிய பிறகுதான் கணக்கே தப்பு என்று உறைத்தது. கணினி புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது. 'ஷ்டவுஃபன்பெர்க்' என்பதை நாம் பள்ளிக்கூடத்தில் எண்ணும் மாதிரி எண்ணினால் 9 எழுத்து. கணினிக்கு அது 15. பிறகு புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் கழித்துவிட்டு எண்ணும்படி சூத்திரத்தை மாற்றினேன். வெட்டிய நூறு வரியில் நாற்பதைப் பழையபடி ஆக்கினேன்.

அளவுகோல் அம்மா. எழுபத்திரண்டு வயது, தொடர்கதை விடாமல் படிப்பவர். விநாடிக்கு 13 எழுத்து வைத்து ஓட்டினேன். "டேய், நான் மேல்வரிய முடிக்கிறதுக்குள்ள மாத்திட்டியே" என்றார். 9-க்கு இறக்கினால் வசனம் வெறும் தந்தி மாதிரி ஆகிவிட்டது. 10-ல் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. ஒரு வரிக்கு 28 எழுத்துக்கு மேல் போகாமல், அதிகபட்சம் இரண்டு வரி. எவ்வளவு சின்ன வசனமானாலும் 1.2 விநாடியாவது நிற்க வேண்டும். எனக்கு ஒத்துவந்த கணக்கு இதுதான்.

இந்தக் கணக்குக்கு அடங்க வெட்டும்போது எதை வெட்டுவது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். ஷ்டவுஃபன்பெர்க்கும் அவருடைய மேலதிகாரி ஜெனரல் ஃப்ரோமும் நேருக்கு நேர் நிற்கும் இடம். ஹிட்லருக்கு லேசான காயம்தான் என்று அவர் கூடவே இருந்த ஃபீல்ட் மார்ஷல் கைட்டல் சொல்லிவிட்டாரே என்கிறார் ஃப்ரோம். அதற்கு ஷ்டவுஃபன்பெர்க் சொன்னதாக வரலாற்றில் பதிவான பதிலை அப்படியே தமிழில் வைத்தால் "கைட்டல் வழக்கம்போல் பொய் சொல்கிறார். ஹிட்லரைப் பிணமாகத் தூக்கிச் செல்வதை என் கண்ணால் பார்த்தேன்" என்று வரும். 47 எழுத்து. முதலில் "கைட்டல் புளுகுகிறார். ஹிட்லர் பிணத்தை என் கண்ணாலேயே பார்த்தேன்" என்று 30-க்குக் கொண்டுவந்தேன். கணக்கு சரி, வசனம் செத்துவிட்டது. அதன் காரமே 'வழக்கம்போல்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. மூன்று எழுத்தைக் கடன் வாங்கி, "கைட்டல் வழக்கம்போல் பொய் சொல்கிறார். ஹிட்லர் பிணத்தை நானே பார்த்தேன்" என்று 33-ல் நிறுத்தினேன். தூக்கிச் சென்றது போய்விட்டது. இப்போதும் எனக்கு அதில் வருத்தம்தான். ஏனென்றால் அவர் பார்த்தது தூரத்தில் யாரையோ தூக்கிப்போவதை. பிணமாக்கியது அவர் நம்பிக்கை.

அம்மாவுக்குக் கதையிலும் ஒரு சந்தேகம். "குண்டு வெடிச்சதும் செத்தானா இல்லையான்னு பாக்காம ஏன்டா பிளேன் ஏறிட்டான்?" நியாயமான கேள்வி. குண்டு வைக்க வேண்டியவரும் அவரேதான், திரும்பி வந்து பெர்லினில் வேலையை நடத்த வேண்டியவரும் அவரேதான். ஒரு கண்ணும், வலது கையும், இடது கையில் இரண்டு விரலும் டுனீசியப் போரில் போய்விட்டன. மீதமிருந்த மூன்று விரலால் குறடு பிடித்துத்தான் குண்டின் திரியை முடுக்கினார். இரண்டு பொட்டலம் கொண்டுபோனார், இடையில் ஆள் வந்து அவசரப்படுத்தியதால் ஒன்றைத்தான் முடுக்க முடிந்தது. முடுக்காததையும் பையிலேயே கூட வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து வெடித்திருக்கும் என்கிறார்கள். இதைச் சொன்னதும் அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு "அந்தக் குறடுக்காரனுக்குத் துணைக்கு இன்னொரு கை இருந்திருக்கணும்" என்றார்.

எழுத்து முடிந்து, பென்டிரைவில் போட்டு, நண்பர் வீட்டு டிவியில் செருகினோம். இரண்டாவது முயற்சி. 'கொ' என்ற எழுத்து கொம்பு ஒரு பக்கம், க நடுவில், கால் இன்னொரு பக்கம் என்று பிய்ந்து நின்றது. எஸ்ஆர்டி என்கிற சப்டைட்டில் கோப்பு சரியாகத்தான் இருந்தது. தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டும் திறமை அந்த டிவிக்கு இல்லை. இதற்கு ஒரே வழி, எழுத்தைப் படத்தின் மேலேயே பதித்துவிடுவது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளை வைத்துச் செய்தேன். முதல் பதிப்பிலும் அதே கொம்புக் கோளாறு. நான் வைத்திருந்தது எழுத்துகளைச் சேர்க்கும் ஹார்ஃப்பஸ் நூலகம் இல்லாமல் தொகுத்த பழைய பிரதி. அது உள்ள புதிய பிரதியை இறக்கியதும் சரியானது. எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். படத் தரத்தைக் குறிக்கும் சிஆர்எஃப் அளவு 18. என் கிழட்டு மடிக்கணினிக்கு 50 நிமிடம்.

முதலில் வெள்ளை எழுத்து வைத்திருந்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் வெளிச்சமான மேசை, காகிதம் வரும் இடமெல்லாம் எழுத்து கரைந்துபோயிற்று. இதில் காகிதம் நிறைய. வெளிர் மஞ்சளாக்கி, சுற்றிலும் 2.5 அளவில் கறுப்பு விளிம்பு கொடுத்தேன். மறுபடியும் ஒரு 50 நிமிடம்.

செலவு என்று பார்த்தால் டிவிடி டிரைவ் 1,250, சரிபார்க்க எடுத்த பிரின்ட் அவுட் 96, பத்து மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் 850, ஒரு இரவு ப்ரொஜெக்டர் வாடகை 1,500, டீயும் சுண்டலும் 400. மொத்தம் 4,096 ரூபாய். டிவிடியின் 13 யூரோ பழைய கணக்கு, சேர்க்கவில்லை. ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் அக்கா ஒருவர் எனக்காக இரண்டு ஞாயிறு உட்கார்ந்து ஐயமான 90 வரியைக் கேட்டுச் சொன்னார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்த தடவை செய்தால் முதல் நாளே முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் படத்தோடு வைத்துப் பார்த்துவிடுவேன். இரண்டும் பொருந்தாமல் ஒரு வரிகூடத் தமிழாக்கமாட்டேன். எழுத்தைப் பதிக்கும்போதும் முழுப் படத்தையும் ஓட்டாமல் இரண்டு நிமிடத் துண்டை மட்டும் பதித்து, எந்தத் திரையில் போடப் போகிறோமோ அதே திரையில் பார்ப்பேன். யார் வாயில் எந்தச் சொல் என்று ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் உட்காருவேன். இந்தப் பட்டியல் இல்லாததால் 'ஃப்யூரர்' இரண்டு இடத்தில் தப்பான ஆள் வாயில் தங்கிவிட்டது. சனிக்கிழமை அது திரையில் வந்தபோது வேறு யாரும் கவனிக்கவில்லை, நான் மட்டும் சுண்டலைக் கீழே வைத்தேன்.

ஹார்னாக்கின் படத்தையும் போடச் சொல்கிறார்கள். அவருடைய அண்ணன் ஆர்விட் ஹார்னாக்கை நாஜிகள் 1942-ல் தூக்கிலிட்டார்கள், இயக்குநர் ஃபால்க்கையே 1943-ல் வெள்ளை ரோஜா என்ற நாஜி எதிர்ப்பு மாணவர் குழுவின் வழக்கில் நிறுத்தி விடுவித்தார்கள் என்று மாடியில் சொன்னதிலிருந்து எல்லோருக்கும் ஆவல். இதைவிட நீளமான படம். டிவிடிக்குச் சொல்லிவிட்டிருக்கிறேன். வந்ததும் முதலில் எத்தனை சட்டகம் என்று பார்க்க வேண்டும்.